உமி நீங்கும் வேகம்

கொல்லிமலைக்கு ஏறும் வழியில், காரவள்ளியில் பேருந்து கொஞ்ச நேரம் நின்றது. ஓட்டுநர் இறங்கி டயர்களைத் தட்டிப் பார்த்தார். ஒரு டீ குடித்தார். ஏறி உட்கார்ந்து பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே ஏறலாம் என்று நினைத்திருந்தேன், இருபதைத் தாண்டியதும் கணக்கு விட்டுப் போனது. ஒரு வளைவில் மேலிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. எங்கள் பேருந்து மலைச்சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டது. இன்னும் நாலு வளைவு ஏறியதும் இன்னொரு லாரி. இரண்டிலும் விளிம்பு வரை மரவள்ளிக் கிழங்கு, வேரில் செம்மண் காயாமல்.

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, கிழங்கு பிடுங்கும் காலம். இந்த லாரிகள் ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ மில்களுக்குப் போகின்றன. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் பிறந்த தொழில் அது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு இன்னும் வேரூன்றியது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலைச்சரிவில் சாமையும் தினையும் நின்ற காடுகளில் பெரும்பகுதி 1970-களுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இந்தக் கிழங்குக்கு மாறியது. நான் பார்க்கப் போனது மாறாமல் மிஞ்சிய பகுதியை. அதைவிட, அது மிஞ்சுவதற்குக் காரணமான ஒரு மோட்டாரை.

இந்தப் பயணத்துக்கு வித்து போட்டது கனடாவில் இருக்கும் ஒரு நண்பர். வீட்டிலேயே பியர் காய்ச்சுவது அவருடைய பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு அங்கே தடையில்லை. (நம் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இதற்கு இடம் தராது.) முளைகட்டி உலர்த்திய பார்லியை, கையால் சுழற்றும் இரட்டை உருளை எந்திரத்தில் உடைப்பார். 20 லிட்டர் பியருக்கு நாலைந்து கிலோ பார்லி. சுற்றிச் சுற்றித் தோள் வலிக்கிறது என்று அந்த எந்திரத்துக்கு ஒரு மோட்டார் பூட்டினார். முதல் முறை எல்லாம் மாவாகிப் போனது.

அவர் தொலைபேசியில் விளக்கியபோதுதான் அதன் நுட்பம் எனக்குப் புரிந்தது. உருளைகளுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதில் அகப்பட்ட பார்லி நசுங்கி உள்ளிருக்கும் மாவுப் பகுதி உடைய வேண்டும், ஆனால் மேலுள்ள உமி கிழிந்து தூளாகக் கூடாது. உடைத்த பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு இனிப்புச் சாற்றை வடிக்கும்போது அந்த உமிதான் அடியில் படிந்து வடிகட்டியாக நிற்கிறது. உமி பொடியானால் சாறு இறங்காது, களி மாதிரி அடைத்துக்கொள்ளும். மோட்டாரின் வேகத்தை நிமிடத்துக்கு 200 சுற்றுக்குக் கீழே இறக்கிய பிறகுதான் அவருக்குச் சரிவந்தது. உமியைக் காப்பாற்ற இவ்வளவு பாடு என்று சொல்லிவிட்டு, "உங்க ஊர்ல சாமைக்கு உமி எடுக்கணுமே, அதுக்கு என்ன வேகம் வெப்பாங்க?" என்று கேட்டார். சாமைச் சோறு நான் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

சோளக்காட்டுச் சந்தையில் பலா இன்னும் வந்திருக்கவில்லை. வாழைத்தார்கள், மிளகு, அன்னாசி, மலை வெயிலில் கறுத்த முகங்கள். செம்மேட்டில் குதிரைமேல் வில்லோடு நிற்கும் வல்வில் ஓரியின் சிலைக்குக் கீழே ஆட்டோக்காரர்கள் நின்றிருந்தார்கள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் கூப்பிட்டார்கள். மில்லுக்குப் போக வேண்டும் என்றதும் ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். "சாமை மில்லுங்களா?" என்றார். காபித் தோட்டங்களுக்கும் மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே கொஞ்ச தூரம் ஓட்டி, ஓட்டு வீடுகள் நெருங்கி நின்ற ஒரு சிற்றூரில் இறக்கிவிட்டார்.

மில்லில் கரண்ட் இல்லை. பூட்டிய கதவுக்கு வெளியே திண்ணையில் ஐந்தாறு பைகள் வரிசையில் இருந்தன, ஆட்கள் இல்லை. பை நின்றால் ஆள் நின்ற மாதிரி. எதிர்வீட்டு வாசலில் ஒரு பாட்டி உரலருகே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கரண்டு நாலு மணிக்கு மேலதான் வரும், இப்படி வந்து குந்து தம்பி" என்று முறத்தை ஒதுக்கி இடம் காட்டினார்.

கொல்லிமலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மலைக்காரர் என்ற பொருளில் வந்த பெயர், பேச்சு தமிழ்தான். ஊர்களை நாடு நாடாகப் பிரித்திருக்கிறார்கள்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு. நிலத்துக்கும் அவர்களிடம் பெயர் உண்டு. ஏர் ஓடினால் உழவுகாடு. ஏர் ஓட்ட முடியாமல் கொத்திப் பயிர் வைக்கும் சரிவு கொத்துக்காடு. சாமை பெரும்பாலும் அந்தச் சரிவுக்குரியது. பாட்டி பெயர்களை அடுக்கினார்: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை. தினையில் செந்தினை, மூக்காந்தினை, பாலாந்தினை. கேழ்வரகில் சுண்டாங்கி, சட்டைக் கேழ்வரகு. பெயர் சொல்லும்போது ஒவ்வொன்றின் கதிரையும் கையால் காற்றில் வரைந்து காட்டினார்.

உரலில் இருந்தது திரிகுலாச் சாமை. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரிக் கஞ்சிக்கு மில்லை நம்பி இருக்க முடியாது என்பதால் குத்த எடுத்திருந்தார். நான் உலக்கையை வாங்கிக்கொண்டேன். பூண் போட்ட நுனி உரல்குழியில் விழும்போது மணிகள் பக்கவாட்டில் ஏறித் திரும்ப நடுவுக்குச் சரிய வேண்டும். அந்தச் சரிவு உலக்கை விழும் கோணத்தில் இருக்கிறது. எனக்கு மணிகள் வெளியே தெறித்தன. பாட்டி சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து இறக்கி, "தூக்குறப்போ பலம் வேணாம், விடுறப்போ புடிக்காத" என்றார். கொஞ்சம் பிடிபட்டது. பத்து நிமிடம் குத்தினால் முறத்தில் எடுத்துப் புடைக்க வேண்டும். உமி பறக்கும், உமி போகாத மணி மேலே நிற்கும், அதைத் தனியே கொழித்து மறுபடி உரலில் போட வேண்டும். மறுபடி புடைத்து, மறுபடி போட்டு. நாலாம் சுற்றில் என் உள்ளங்கையில் கொப்புளம். ஒரு மணி நேரத்தில் எங்கள் இரண்டு பேர் உழைப்புக்குக் கிடைத்தது ஒரு வேளைக் கஞ்சிக்குக் காணும் அரிசி.

காரணம் மணியின் அளவிலேயே இருக்கிறது. ஆயிரம் சாமை மணிகளின் எடை இரண்டு, இரண்டரை கிராம். அப்படியென்றால் ஒரு கிலோவில் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட மணிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சட்டை போட்டிருக்கிறது, அந்தச் சட்டை வழவழப்பாக, இறுக்கமாக இருக்கிறது. வரகுக்கு இன்னும் மோசம், பல அடுக்கு. அதற்கென்றே மண் பூசிய திருகைகள் இருந்தன. உமி கழன்றாலும் உள்மணி நொறுங்காதபடி மெத்தென்று அரைக்கக் கண்டுபிடித்த உபாயம். பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்து வீடுகளில் திரிமரம் என்ற திருகை வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த உமியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

கேழ்வரகுக்கு இந்த வம்பு இல்லை. அதன் மேல்தோல் களத்தில் கதிர் அடிக்கும்போதே உதிர்ந்துவிடும். சோளமும் கம்பும்கூட அப்படித்தான், சட்டையில்லாத மணிகள். கல் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து நேராகத் திருகையிலோ மாவு மில்லிலோ போட்டுவிடலாம். சமவெளியில் எங்கள் அம்மாயி வீட்டில் நான் வளர்ந்த காலத்தில் களிக்குக் கேழ்வரகு கடைசிவரை நின்றது, சாமை எப்போது போனது என்று யாருக்கும் நினைவில்லை. எங்களுக்கு அரிசி ருசி பழகிவிட்டது என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். பாட்டியின் உரலருகே உட்கார்ந்திருந்தபோது அந்தக் காரணத்தை நான் நம்பவில்லை. ருசி மாறியிருந்தால் கேழ்வரகும் சாமையும் சேர்ந்தே போயிருக்க வேண்டும். உமி இருந்தது போயிற்று, உமி இல்லாதது நின்றது.

மலைக்கு மேலும் அதே கதைதான் நடந்தது என்று நினைக்கிறேன். மரவள்ளி பணம் தந்தது உண்மை. லாரி காட்டு ஓரத்துக்கே வரும், பிடுங்கி ஏற்றினால் போதும், வீட்டுக்குள் கொண்டுவந்து அதற்கு ஒரு வேலையும் இல்லை. சோற்றுக்கு ரேஷன் அரிசி இருந்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லாமல். பசி தணித்த அந்த அரிசியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விடிகாலை எழுந்து குத்திப் புடைத்த பெண் ஒருத்தி, பைக்குள்ளேயே வெள்ளையாக வந்திறங்கிய அரிசியைப் பார்த்து என்ன முடிவு எடுத்திருப்பாள் என்று யோசித்தால், சாமை குறைந்ததற்கு அவளிடம் போய் மரபை மறந்தாய் என்று சொல்ல நாக்கு கூசும். கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு அன்று கூசியது.

யார் கைக்கு முதலில் மோட்டார் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். வெட் கிரைண்டர் பிறந்தது, இட்லி மாவு அரைத்த கோடிக்கணக்கான கைகளுக்கு விடுதலை கிடைத்தது. அது பெரிய காரியம். நெல்லுக்கு அதற்கு முன்பே ஊருக்கு ஊர் ரைஸ் மில் இருந்தது. அந்த ரைஸ் மில்லில் சாமையைப் போட்டால் பாதி நொய்யாகும், பாதி உமியோடே வெளியே வரும், ஏனென்றால் அதன் இடைவெளி நெல்லுக்கென்று வைத்தது. நெல்லுக்கும் இட்லிக்கும் மோட்டார் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் கொத்துக்காட்டுச் சாமைக்கு உலக்கைதான்.

இங்கே அது மாறத் தொடங்கியது 1990-களில். 1988-இல் சென்னையில் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காப்பாற்ற முனைந்தது. விதைகளைச் சேர்த்து விதை வங்கிகள் வைத்ததோடு அது நிற்கவில்லை. காப்பது, பயிரிடுவது, உண்பது, விற்பது என்று நான்கையும் ஒரே சங்கிலியாகப் பார்த்தார்கள். உண்பது என்ற கண்ணியைத் தொட்டதும் உலக்கை குறுக்கே வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் சில ஊர்களில் சாமைக்கென்று மில்கள் அமைந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பு சுய உதவிக் குழுக்களிடம் வந்தது, பின்னாளில் கொல்லிமலை உழவர்களின் கூட்டமைப்பு ஒன்றும் உருவானது. விதை வங்கியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், அது எழுத அழகான விஷயம். மில்லைப் பற்றிக் குறைவாகவே படித்திருக்கிறேன்.

நாலே கால் மணிக்குக் கரண்ட் வந்தது. மில்லைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எங்கிருந்தோ ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து கதவைத் திறந்தார். உள்ளே மூன்று எந்திரங்கள். ஒன்று மாவு மில், ஒன்று சலிப்பான், மூலையில் நின்றதுதான் உமி நீக்கும் எந்திரம். எல்லாவற்றின் மேலும் வெளிர் பொன் நிறத்தில் உமித் தூசி படிந்திருந்தது.

முதலில் சலிப்பான். சாமையோடு வரும் மணலும் குறுங்கல்லும் சாமை அளவுதான் இருக்கும், அதனால் வெறும் சல்லடை போதாது, சாய்ந்த தட்டு ஆடும்போது கனமானது ஒரு பக்கமும் லேசானது மறுபக்கமும் பிரியும். பெரிய மணி, சிறிய மணி என்று அதிலேயே தரமும் பிரித்துக்கொள்கிறார்கள். கலந்து போட்டால் பெரியது உடையும்போதும் சிறியது உமியோடே நிற்கும். பிறகு மேலே கூம்புத் தொட்டியில் கொட்டுவார்கள். அடியில் ஒரு சுழலி. மணி அதன் நடுவில் விழுந்ததும் கவண்கல் மாதிரி வெளியே விசிறப்பட்டு, சுற்றியிருக்கும் சுவரில் மோதுகிறது. மோதிய அதிர்ச்சியில் உமி பிளந்து மணி கழன்று விழுகிறது. கீழிருந்து ஒரு காற்றாடி உமியை உறிஞ்சிக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. உலக்கை பலமுறை செய்வதை ஒரே மோதலில் செய்யும் எந்திரம்.

அப்படித்தான் செய்ய வேண்டும். அன்று செய்யவில்லை. முதல் பையின் அரிசி கீழே விழத் தொடங்கியதும் அக்கா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். பாதிக்குப் பாதி நொய். உடனே நிறுத்தினார். முந்தின வாரம் எந்திரத்துப் புல்லி தேய்ந்து போய், கீழே ஒரு பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கி வந்திருக்கிறார்கள். "அன்னைக்கே சத்தம் சரியில்லைன்னு சொன்னேன். கீச்சுனு கத்துது பாருங்க, முன்னெல்லாம் உருமும்" என்றார்.

அவர் காதால் சொன்னதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், நண்பரிடம் கற்ற பாடம் உதவியது. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டார் புல்லி 8 அங்குலம். எந்திரத்துப் பழைய புல்லி ஒரு சாக்கின் அடியில் கிடந்தது, அளந்தால் 4 அங்குலம். எட்டை நாலால் வகுத்தால் இரண்டு மடங்கு, ஆக எந்திரம் 2880 சுற்று ஓடியிருக்கிறது. புதிய புல்லி மூன்றரை அங்குலம்தான். சுற்று 3290-ஐத் தொடுகிறது. பார்வைக்கு அரை அங்குலம். வேகத்தில் ஏழில் ஒரு பங்கு ஏறிவிட்டது. மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறுவது என்பதால் சாமை முன்பைவிட நூற்றுக்கு முப்பது பங்கு பலமாகச் சுவரில் அடிபடுகிறது. இரண்டு கிராமுக்கு ஆயிரம் மணி, அது எப்படித் தாங்கும்?

கனடாவில் என் நண்பர் உமி உடையாமல் இருக்க வேகத்தைக் குறைத்தார். இங்கே உமி உடைய வேகம் வேண்டும், அரிசி உடையாமல் இருக்க அந்த வேகத்துக்கு ஒரு மேல்வரம்பும் வேண்டும். குறைந்தால் உமி போகாது, கூடினால் நொய். அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு எண்ணை மட்டும் சொல்ல முடியாது என்பது அப்போது புரிந்தது. சாமையின் ஈரம், ரகம், அறுவடையாகி எத்தனை நாள், சுழலி எவ்வளவு அகலம், எல்லாம் சேர்ந்துதான் அந்த வேகத்தைத் தீர்மானிக்கின்றன. நன்றாக வெயிலில் காய்ந்த மணி சீக்கிரம் கழலும், அதிகம் காய்ந்துவிட்டால் உள்ளேயே வெடிக்கும். பல்லில் ஒரு மணியை வைத்துக் கடித்து அக்கா ஈரம் பார்க்கிறார்.

தேய்ந்த புல்லியையே திரும்ப மாட்டுவது என்று முடிவானது. பக்கத்து வீட்டுப் பையன் ஸ்பேனரோடு வந்தான். அந்த அரை மணி நேரத்தில் வரிசைப் பைகளுக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், எல்லோரும் பெண்கள். புல்லியின் அரை அங்குலத்தைப் பற்றி அவர்களுக்குள் சூடான பேச்சு. போன வாரம் அரைத்தவருக்கு நொய்யாய்ப் போன கணக்கு என்ன என்பதும் வந்தது. குழுவின் நோட்டை எடுத்து அக்கா எழுதிக்கொண்டார், அடுத்த முறை கூலி வாங்க மாட்டோம் என்றார். எந்திரம் கெட்டால் யாரிடம் போவது என்று தெரிந்திருப்பது, கெட்டதற்கு யார் பொறுப்பு என்று நோட்டில் இருப்பது, இவை இரண்டும் இல்லாமல் பூட்டிக்கிடக்கும் எந்திரங்களை வேறு ஊர்களில் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த எந்திரங்களைச் செம்மைப்படுத்த வெளியிலும் உழைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மதுரையின் தானம் அறக்கட்டளை, கனடியப் பல்கலைக்கழகங்கள் ஆகியவை சேர்ந்து 2011 முதல் சில ஆண்டுகள் தெற்காசியச் சிறுதானியங்களுக்காக நடத்திய திட்டத்தில், ஊரளவில் ஓடக்கூடிய உமி நீக்கிகளை மேம்படுத்துவது ஒரு முக்கிய வேலை. ஜவ்வாது மலையும் அதில் ஒரு களம். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் வீட்டுக் கரண்டிலேயே, ஒற்றைப் பேஸில் ஓடும் சிறிய சிறுதானிய மில் ஒன்றை வடிவமைத்தது. மலையூர்களுக்கு இது முக்கியம். மூணு பேஸ் கரண்ட் இழுப்பது பல இடங்களில் மில்லைவிடப் பெரிய செலவு.

2023 உலகச் சிறுதானிய ஆண்டு. இந்தியா முன்மொழிந்து, 2021-இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அதற்குப் பிறகு சென்னையில் சாமைப் பொட்டலங்கள் அடுக்கடுக்காய் நிற்கின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வெள்ளைச் சாமையைக் கையில் எடுத்துப் பார்த்தால் எனக்கு வருத்தம் வருகிறது. உமி போன பிறகும் மணியின் மேல் தவிட்டுப் பூச்சு ஒன்று இருக்கும். நாரும் கொழுப்பும் தாதுக்களும் பெரும்பகுதி அதில். கொழுப்பு இருப்பதால் உமி நீக்கிய சாமை சில மாதங்களில் சிக்குவாடை அடிக்கும். கடையில் நாள்பட நிற்க வேண்டும் என்பதால் தவிட்டையும் தீட்டித் தள்ளிவிடுகிறார்கள். எதற்காகச் சாமை சாப்பிடுகிறோமோ அதில் பாதி தவிட்டோடு போய்விடுகிறது.

மலைக்காரர்கள் வழி வேறு. உமியோடு இருக்கும் சாமை வருடக்கணக்கில் கெடாது, பூச்சியும் அண்டாது. ஆகவே மூட்டையில் உமியோடு வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் மில்லுக்கு எடுத்து வருகிறார்கள். திண்ணையில் நின்ற பைகள் எல்லாம் ஐந்து கிலோ, எட்டு கிலோ. பெரிய ஆலைக்காரர் யாரும் இதற்குக் கதவு திறக்க மாட்டார். உமி ஒரு தடையாக இருந்த வரை சாமை போய்க்கொண்டிருந்தது. நடந்து போகும் தூரத்தில் ஒரு மோட்டார் வந்ததும் அதே உமி சேமிப்புக் கிடங்காகிவிட்டது. சிறுதானியத்துக்கு விழா எடுப்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான்: ஒவ்வொரு சாமை ஊருக்கும் நடைதூரத்தில் ஒரு சரியான மில், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த இரண்டு பேர், சரியான அளவில் ஒரு மாற்றுப் புல்லி. விளம்பரத்துக்குச் செலவாகும் பணத்தில் சிறு பங்கு போதும்.

அது எளிதாக நிலைக்கும் என்றும் சொல்ல மாட்டேன். மில் ஓடத் தானியம் வேண்டும், தானியம் விளைய மில் வேண்டும். ஒரு பக்கம் இளைத்தால் மறுபக்கமும் இளைக்கும். அறுவடை முடிந்து சில மாதங்கள் கூட்டம் இருக்கும், ஆடி ஆவணியில் மில் சும்மா கிடக்கும் என்றார் அக்கா. அந்த மாதங்களில் கேழ்வரகு அரைக்கும் பக்கத்து மாவு மில்தான் கரண்ட் பில்லைக் கட்டுகிறது.

கேழ்வரகு என்றதும் என் நண்பர் நினைவு வந்தது. முளைகட்டிய கேழ்வரகில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் நன்றாக உருவாகும், பார்லியில் அவர் தேடுவதும் அதையே. சிக்கிமிலும் நேபாளத்திலும் புளித்த கேழ்வரகின் மேல் வெந்நீர் ஊற்றி மூங்கில் குழலால் உறிஞ்சும் தோங்பா உண்டு. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் முளைகட்டிய கேழ்வரகிலிருந்து பியர் செய்கிறார்கள். நம் பக்கம் அந்தப் புளிப்பு கூழில் நின்றுவிட்டது. மாவைக் கரைத்து ஓர் இரவு வைத்து, காலையில் நொய்யை வேகவிட்டு அதில் கலந்து கிளறினால் போதும். அக்கா ஒரு சொம்பில் கொடுத்தார், மோர் விட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு. மலைக்குளிரில் கூழ் நன்றாகப் புளிக்க ஒன்றரை நாள் ஆகுமாம். போன வாரம் நொய்யாகிப்போன சாமைதான் அதில் வெந்திருந்தது.

பழைய புல்லி ஏறியதும் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார்கள். ஸ்விட்ச் போட்டதும் எந்திரம் உருமியது. அக்கா தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார், பிறகு பையனுக்குத் தலையசைத்தார். முதல் பையை மறுபடி கொட்டினார்கள். குழாய் வழியே உமி மஞ்சள் வெயிலில் கோட்டுப் புகைபோல வெளியேறியது, கோழிகள் அதன் கீழ் ஓடின. அள்ளிப் பார்த்த பிடியில் நொய் அங்கொன்று இங்கொன்று. நூறு மணியில் ஏழெட்டு உமியோடு நின்றது. அவற்றைச் சலித்து இன்னொரு முறை விடுவார்கள். ஆறு கிலோ சாமைக்கு நாலு கிலோ அரிசிக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது தராசு. பத்து நிமிடத்துக்குள்.

பாட்டி எதிர்வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் குத்திய அரிசி அதற்குள் கஞ்சியாகி, பேரன் குடித்துப் படுத்திருந்தான். பேத்தியைக் கூப்பிட்டு மூட்டையிலிருந்து மூன்று படி அளந்து ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். அவள் ஓடி வந்து பையை வரிசையின் கடைசியில் வைத்தாள். ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று நான் எழுந்தேன். என் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு அக்கா, "வெளக்கெண்ணெ போடுங்க தம்பி" என்றார். நண்பருக்காக உமியோடு ஒரு கிலோ கட்டவெட்டிச் சாமை வாங்கிக்கொண்டேன். அக்கா உமி போக்கித் தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பேருந்து சோளக்காட்டைத் தாண்டி முதல் வளைவில் திரும்பும்போது, கீழிருந்து ஒரு காலி லாரி ஏறி வந்துகொண்டிருந்தது.